குதிரைக்கு எந்த சப்ளிமென்ட் வாங்கலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஏழு வயதுக் காயடித்த குதிரை, எடை "சுமார் 450 கிலோ இருக்கும்". வாரத்தில் நான்கு நாள் லேசான சவாரி. உலர் புல் தாராளமாகக் கிடைக்கிறது. அதோடு நாளுக்கு ஒரு கிலோ ஓட்ஸ், இரண்டு கிலோ கோதுமைத் தவிடு. ரோமம் வெளிறி மினுமினுப்பு போய்விட்டது. குளம்பின் ஓரம் உடைந்து உதிர்கிறது, லாடம் நிற்பதில்லை. ஒருவர் இரும்புச்சத்து டானிக் கொடுக்கச் சொல்கிறார், லாடம் அடிப்பவர் பயோட்டின் பொடி என்கிறார், மூன்றாமவர் எல்லாம் அடங்கிய மல்ட்டிவைட்டமின் டப்பாவைக் காட்டுகிறார். எதை வாங்குவது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வருகின்றன. இரும்பு டானிக் வேண்டாம். பயோட்டின் உதவலாம், ஆனால் அது இரண்டாவது வேலை. தாதுக்களும் வைட்டமின்களும் உள்ள ஒரு கலவை அநேகமாகத் தேவைப்படும்; எந்தக் கலவை என்பதை நீங்கள் போடும் புல்தான் தீர்மானிக்கும். இந்த வாரமே தொடங்க வேண்டியது, அந்த இரண்டு கிலோ தவிட்டைக் குறைப்பது.

குதிரையின் வயிறு அதன் உடம்புக்குச் சிறியது. செரிமானத்தின் பெரும்பங்கு பின்குடலில் நடக்கிறது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து, குதிரைக்கு வேண்டிய சக்தியைக் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. பி வகை வைட்டமின்களில் பெரும்பாலானவற்றையும் வைட்டமின் கே-யையும் அவையே உண்டாக்குகின்றன. ஆகவே ஆரோக்கியமான குதிரைக்கு நல்ல புல் போதுமான அளவு கிடைத்தால், தேவையானதில் பெரும்பகுதி அங்கேயே வந்துவிடுகிறது. எஞ்சிய இடைவெளியை நிரப்பத்தான் சப்ளிமென்ட். அந்த இடைவெளி எது, எவ்வளவு என்று தெரியாமல் டப்பா வாங்குவது, கால் அளவு தெரியாமல் லாடம் வாங்குவது போல.

அதனால் முதலில் இரண்டு அளவுகள் வேண்டும்: குதிரையின் எடை, அது தின்னும் புல்லின் எடை.

"சுமார்" என்ற சொல்லை விட்டுவிட்டு ஒரு துணி டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், பிடரி மயிர் முடிவடையும் மேட்டைத் தொட்டு நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். குதிரை மூச்சை வெளியே விட்ட நேரத்தில் எண்ணைப் படியுங்கள். அடுத்து தோள்பட்டையின் முன்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனைவரை நீளம். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 180 செ.மீ., நீளம் 160 செ.மீ. என்றால் விடை 436 கிலோ. எடைமேடைக்குப் பக்கத்திலேயே வரும் கணக்கு இது. மாதம் ஒருமுறை ஒரே ஆள், ஒரே நேரத்தில் அளந்தால் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும்.

புல்லை ஒரு வலைப்பையில் கட்டித் தொங்குதராசில் மாட்டுங்கள். நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்பொருளாகப் போக வேண்டும். 1.5-க்குக் கீழே இறங்கினால் வயிற்றுப்புண்ணும் வயிற்றுவலியும் தேடி வரும். 450 கிலோ குதிரைக்கு இது ஏழிலிருந்து ஒன்பது கிலோ உலர்பொருள். உலர் புல்லில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இருக்கும் என்பதால், கையில் எடுக்கும் புல் எட்டிலிருந்து பத்து கிலோ. "தாராளமாகப் போடுகிறோம்" என்று சொன்ன லாயங்களில் தராசு ஐந்து கிலோ காட்டியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மெலிந்த குதிரைக்கு டானிக் கேட்டு வருபவர்களில் கணிசமானவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது இன்னும் மூன்று கிலோ புல்.

இனி தவிட்டுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் மிக முக்கியமான இடம் இதுதான்.

குதிரையின் தீவனத்தில் கால்சியம் எப்போதும் பாஸ்பரஸைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்பது கடைசி எல்லை; ஒன்றரை அல்லது இரண்டுக்கு ஒன்று என்பது நிம்மதியான இடம். சாதாரணப் புல்வகை உலர் புல் எட்டு கிலோவில், கால்சியம் 0.4 சதவீதம், பாஸ்பரஸ் 0.25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 32 கிராம் கால்சியமும் 20 கிராம் பாஸ்பரஸும் கிடைக்கும். ஒரு கிலோ ஓட்ஸ் சேர்த்தால் கால்சியம் ஒரு கிராம், பாஸ்பரஸ் மூன்றரை கிராம் கூடும். இதுவரை 33-க்கு 23.5, நல்ல விகிதம். இப்போது இரண்டு கிலோ கோதுமைத் தவிடு. அதில் கால்சியம் மூன்று கிராமுக்கும் குறைவு, பாஸ்பரஸோ ஏறத்தாழ 23 கிராம். மொத்தம் 36-க்கு 46.5. விகிதம் தலைகீழாகிவிட்டது.

உடம்பு இதைப் பொறுத்துக்கொண்டு போகாது. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது உயிர்ப்பிரச்சினை என்பதால், பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் இது நடந்தால் ஒருநாள் முன்னங்கால், ஒருநாள் பின்னங்கால் என்று இடம் மாறும் நொண்டல் வரும். முற்றினால் முகத்தின் எலும்புகளும் தாடையும் வீங்கும். மாவு அரைக்கும் ஆலைகளின் குதிரைகளுக்குத் தவிடே முக்கியத் தீவனமாக இருந்த காலத்தில் இதற்கு "மாவாலைக்காரர் நோய்" என்றே பெயர் இருந்தது. ஆக்சலேட் நிறைந்த வெப்பமண்டலப் புற்களும் இதே கெடுதலைச் செய்யும். செட்டாரியா, பஃபெல், கிக்குயு போன்றவற்றில் கால்சியம் ஆய்வறிக்கையில் இருக்கும், ஆனால் ஆக்சலேட் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால் குதிரைக்குக் கிடைக்காது. உங்கள் புல் என்ன வகை என்று கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்குக் கால்சியம் டப்பா வாங்கத் தோன்றும். வாங்கினாலும் டைகால்சியம் பாஸ்பேட் வாங்கிவிடக் கூடாது; அதில் பாஸ்பரஸும் சேர்ந்தே இருப்பதால் விகிதம் பெரிதாக நகராது. தீவனத்தர சுண்ணாம்புக்கல் பொடி 30 கிராமில் 11 கிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அது வேலை செய்யும். ஆனால் தேவைப்படாத தவிட்டைப் போட்டுவிட்டு அதைச் சரிக்கட்ட இன்னொன்றைப் போடுவதை நான் ஏற்பதில்லை. தவிட்டைப் பத்து நாட்களில் படிப்படியாக நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு கிலோ உலர்ந்த குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப்பயிர்) கொடுங்கள். அதில் சுமார் 13 கிராம் கால்சியம், இரண்டரை கிராம் பாஸ்பரஸ். கணக்கு 46-க்கு 26 என்று வந்து நிற்கும். கூடவே 170 கிராம் அளவுக்குப் புரதமும் வருகிறது, அதில் புல்லில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலமும் உண்டு. ரோமமும் குளம்பும் புரதத்தால் ஆனவை. அதனால் உங்கள் இரண்டு புகார்களுக்குமான முதல் சிகிச்சையே இந்த மாற்றம்தான். மசால் கொடுக்கத் தொடங்கும்போது சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். சிறுநீரகக் கோளாறுள்ள குதிரைக்கு இந்த யோசனை பொருந்தாது.

அடுத்து, உலர் புல்லை மட்டும் நம்பும் குதிரைக்கு உண்மையில் எவை குறையும் என்று பார்க்கலாம்.

முதலில் உப்பு. பெரும்பாலான புல்லில் சோடியம் போதாது. 500 கிலோ குதிரைக்கு ஓய்விலேயே நாளுக்கு 10 கிராம் சோடியம் வேண்டும். லேசான வேலை இருந்தால் 14 கிராம். சாதாரண உப்பு 30 கிராமில் 12 கிராம் சோடியம் இருக்கிறது. தீவனத்தில் கலந்துவிட்டு, பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் விஷயம் முடிந்தது. கல்லுப்புக் கட்டியை நக்கவிடுவது நல்லதுதான், ஆனால் சில குதிரைகள் அதைத் திரும்பியே பார்க்காது. வியர்வை ஆறாக ஓடும் வேலை செய்யும் குதிரைக்கு மட்டும் எலக்ட்ரோலைட் பொடி. டப்பாவில் ஒட்டியிருக்கும் பொருள்விவரச் சீட்டில் முதல் பொருள் உப்பாக இருக்க வேண்டும். முதலில் டெக்ஸ்ட்ரோஸ் அல்லது சர்க்கரை என்றிருந்தால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது வைட்டமின் ஈ. பச்சைப் புல்லில் அது நிறைய உண்டு. அறுத்துக் காயவைக்கும்போதே பெரும்பகுதி அழிந்துவிடுகிறது, சேமிப்பில் மிச்சமும் குறைகிறது. மேய்ச்சல் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உலர் புல்லில் வாழும் குதிரைக்குத் தசைப் பலவீனமும், முற்றிய நிலையில் நரம்புகளைத் தாக்கும் நோய்களும் வரக் காரணம் இந்தக் குறைவு. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007-ல் வெளியிட்ட அளவின்படி, 500 கிலோ குதிரைக்கு ஓய்வில் 500 யூனிட், லேசான வேலையில் 800 யூனிட். என் கையில் வந்த பல மல்ட்டிவைட்டமின்களில் ஒரு கரண்டிக்கு நூறு, இருநூறு யூனிட்டுக்கு மேல் இல்லை. ஆகவே மேய்ச்சல் இல்லாத குதிரைக்கு இதைத் தனியாக வாங்குவது நியாயமான செலவு. சீட்டில் "டி-ஆல்ஃபா" என்று தொடங்குவது இயற்கை வடிவம், "டிஎல்-ஆல்ஃபா" என்பது செயற்கை. குதிரையின் உடம்பு முதலாவதை நன்றாக ஏற்கும்.

மூன்றாவது செம்பும் துத்தநாகமும். பல இடங்களில் புல்லில் இவை இரண்டும் தேவைக்குக் கீழேதான் இருக்கும். 500 கிலோவுக்கு நாளுக்கு 100 மில்லிகிராம் செம்பு, 400 மில்லிகிராம் துத்தநாகம் என்பது அடிப்படை. ரோமத்தின் நிறமும் குளம்பின் உறுதியும் இவற்றைச் சார்ந்தவை. நீங்கள் சொன்ன வெளிறலும் உதிர்வும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும். வெளிறலுக்கு வெறும் வெயிலும் காரணமாகலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரும்பு இதற்கு நேர் எதிர். கிலோவுக்கு 150 மில்லிகிராம் இரும்புள்ள சாதாரணப் புல்லை எட்டு கிலோ தின்றாலே 1,200 மில்லிகிராம் உள்ளே போகிறது, தேவை 400. மும்மடங்கு! குதிரையில் இரும்புக் குறைவால் வரும் ரத்தசோகை மிக அரிது, அதுவும் அநேகமாக நாள்பட்ட ரத்தக் கசிவு இருந்தால்தான். ஓய்வில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் செல்கள் குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். குதிரை தன் சிவப்பணுக்களில் பெரும்பங்கை மண்ணீரலில் சேமித்து வைத்து, ஓடும்போதுதான் வெளியே விடுகிறது. தேவையற்ற இரும்பு உடம்பை விட்டு எளிதில் வெளியேறாமல் கல்லீரலில் தங்கும். பிறந்த குட்டிகளுக்குச் சீம்பாலுக்கு முன்பே இரும்பு கொடுத்து, அவை கல்லீரல் செயலிழந்து இறந்த சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. "ரத்த டானிக்" என்ற பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்.

செலினியத்தைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் எப்போதும் கொஞ்சம் உயர்ந்துவிடும். தேவை நாளுக்கு ஒரு மில்லிகிராம்தான். மண்ணைப் பொறுத்துப் புல்லில் அது மிகக் குறைவாகவும் இருக்கலாம், விஷமளவுக்கு அதிகமாகவும் இருக்கலாம். குறைந்தால் தசை நோய். கூடினால் பிடரியும் வாலும் உதிரும், குளம்பின் மேல்விளிம்பில் வளையமாக வெடிப்பு விழும். ஒரேயடியாகக் கூடினால் மரணம். 2009 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் வெலிங்டனில் ஒரு போலோ அணியின் 21 குதிரைகள் சில மணி நேரத்தில் வரிசையாக விழுந்து இறந்தன. அவற்றுக்குப் போட்டிக்கு முன் செலுத்தப்பட்ட ஊட்டச்சத்து ஊசிமருந்தில் செலினியத்தின் அளவு தவறுதலாகப் பலமடங்கு கூடியிருந்தது. லாயத்தில் நடக்கும் தவறு இவ்வளவு பயங்கரமாக இருக்காது, ஆனால் தன்மை அதேதான்: மல்ட்டிவைட்டமினில் கொஞ்சம், குளம்புப் பொடியில் கொஞ்சம், வைட்டமின் ஈ டப்பாவில் கொஞ்சம். மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. இரண்டு டப்பாவுக்கு மேல் கொடுக்கும் எவரும் செலினியத்துக்கென்று ஒரு காகிதத்தில் தனி வரி போட்டுக் கூட்டுங்கள்.

புல்லை ஆய்வகத்துக்கு அனுப்ப முடிந்தால் இத்தனை ஊகமும் தேவையில்லை. ஒரு கட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தால் போதாது. பத்துப் பதினைந்து கட்டுகளின் நடுவிலிருந்து எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும். ரத்தப் பரிசோதனை செலினியத்துக்கும் வைட்டமின் ஈ-க்கும் நன்றாக உதவும். கால்சியத்துக்கு உதவாது, எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் ரத்தத்தின் அளவு சரியாகவே காட்டும். முடியை ஆய்ந்து குறைகளைச் சொல்கிறோம் என்பவர்களின் அறிக்கையை வைத்து நான் ஒருபோதும் தீவனத்தை மாற்றியதில்லை.

இப்போது சீட்டைப் படிப்போம். டப்பாவின் முன்பக்கத்தில் ஓடும் குதிரையின் படம் இருக்கும். நமக்கு வேண்டியது பின்பக்கம். ஒரு உதாரணம். செம்பு கிலோவுக்கு 1,500 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. பெரிய எண். ஆனால் நாளுக்குக் கொடுக்கச் சொல்வது 30 கிராம் கரண்டி ஒன்று. 1,500-ஐ 30-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 45 மில்லிகிராம். அதே டப்பாவில் பயோட்டின் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால் கரண்டிக்கு 6 மில்லிகிராம். குளம்புக்குப் பலன் தரும் அளவு 15 முதல் 20. அப்படியானால் "பயோட்டின் சேர்க்கப்பட்டது" என்ற வரி உண்மை, உங்கள் குளம்புக்கு மட்டும் அது பயன்படாது. சில சீட்டுகள் சதவீதத்தில் சொல்லும்: ஒரு சதவீதம் என்பது கிலோவுக்குப் பத்தாயிரம் மில்லிகிராம். சில சீட்டுகளில் அளவே இருக்காது, "சிறப்புக் கலவை" என்று பெயர்ப்பட்டியல் மட்டும் இருக்கும். அளவு சொல்லாத எதையும் நான் வாங்குவதில்லை.

விலையைக் கிலோவுக்கு ஒப்பிடாதீர்கள். இருபது மில்லிகிராம் பயோட்டின் கொடுக்க ஒரு நாளைக்கு என்ன செலவாகிறது என்று இரண்டு டப்பாக்களையும் ஒப்பிட்டால், பல சமயம் மலிவாகத் தெரிந்ததுதான் அதிகச் செலவு வைக்கும்.

கரண்டியையும் நம்ப வேண்டாம். ஒருமுறை தராசில் வையுங்கள். அதைவிட முக்கியமாக, தீவனம் தின்று முடித்ததும் தொட்டியின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். குதிரையின் உதடு அவ்வளவு நுட்பமானது. ஓட்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, மூலையில் மாவுபோல் பொடியை அப்படியே விட்டுவைக்கும். ஆறு மாதம் விலையுயர்ந்த பொடி கொடுத்தும் பலனில்லை என்று சொன்ன ஒருவரின் தொட்டியில் அந்தச் சாம்பல் நிறப் படலம் விரல்கனத்துக்குக் காய்ந்து ஒட்டியிருந்தது. தீவனத்தைக் கொஞ்சம் தண்ணீரோ ஒரு கரண்டி ஆளிவிதை எண்ணெயோ விட்டுப் பிசறினால் பொடி தானியத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

பயோட்டினைப் பற்றி உங்கள் லாடக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. லிப்பிசானர் குதிரைகளில் நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுத்து நடத்திய ஆய்வில் குளம்பின் தரம் மேம்பட்டது, ஆனால் ஒன்பது மாதங்களுக்குப் பிறகு. காரணம் எளிது: குளம்புச் சுவர் மாதத்துக்கு ஆறிலிருந்து பத்து மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஏற்கெனவே உடைந்திருக்கும் பகுதியை எந்தச் சத்தும் ஒட்டவைக்காது. மேலிருந்து புதிதாக இறங்கும் பகுதி மட்டுமே நன்றாக வரும். கொடுக்கத் தொடங்கும் நாளில், குளம்பில் முடி நிற்கும் மேல்விளிம்புக்குக் கீழே அரத்தால் மேலோட்டமாக ஒரு கோடு இழுத்துவைக்கச் சொல்லுங்கள். மாதாமாதம் அந்தக் கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். கோட்டுக்கு மேலே சுவர் வழவழப்பாக, இறுக்கமாக வந்தால் தீவனம் சரியான வழியில் போகிறது. கோடு தரையைத் தொடக் கிட்டத்தட்ட ஓராண்டு ஆகும். இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

மூட்டுக்கான குளுக்கோசமைன் பற்றி யாராவது சொல்வார்கள் என்பதால் ஒரு வரி: வாய்வழியாகக் கொடுப்பதில் மிகச் சிறு பங்கே குதிரையின் ரத்தத்தில் சேர்கிறது, ஆதாரம் பலவீனமானது. மூட்டுவலி உள்ள குதிரைக்கு எடையைக் குறைப்பதும் மருத்துவரைப் பார்ப்பதும் அதைவிட மேல். பயந்த குதிரையை மெக்னீசியம் அமைதிப்படுத்தும் என்பதற்கும் ஆதாரம் குறைவு. பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் வலி, தனிமை, தானிய மிகுதி. ஈஸ்ட் பொடி நார்ச் செரிமானத்துக்கு ஓரளவு உதவுகிறது. கடற்பாசிப் பொடியில் அயோடின் மிக அதிகமாக இருக்கலாம். சினைக் குதிரைக்கு அளவு மீறிக் கொடுத்தால் குட்டி கழுத்துக்கழலையோடு பிறக்கும்.

ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கும் கோழிக்கும் தயாரித்த தாது உப்புக் கலவையையோ தீவனத்தையோ குதிரைக்குக் கொடுக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் மொனென்சின் போன்ற மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. மாட்டுக்கு நன்மை செய்யும் அந்த மருந்து குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும்; உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு மூன்று மில்லிகிராமே கொல்லப் போதும், மாற்று மருந்து கிடையாது. தெரியாமல் தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். அதே காரணத்தால், மாட்டுத் தீவனமும் குதிரைத் தீவனமும் ஒரே இயந்திரத்தில் அரைக்கும் ஆலையிடமிருந்து வாங்காமல் இருப்பது நல்லது.

போட்டிகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. "மூலிகை", "இயற்கை" என்ற சொற்கள் ஊக்கமருந்துச் சோதனையிலிருந்து காப்பாற்றாது. வலேரியன் போன்ற மூலிகைகளே தடைப்பட்டியலில் உள்ளன. 2020-ல் பாரிஸின் ஆர்க் த த்ரியோம்ஃப் பந்தயத்திலிருந்து ஒரு பெரிய லாயத்தின் குதிரைகள் கடைசி நேரத்தில் விலக்கப்பட்டன, தீவனத்தில் சில்பாட்டெரால் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்ததால். ஒவ்வொரு டப்பாவின் தொகுதி எண்ணையும் குறித்துவைத்து, ஒரு கைப்பிடி மாதிரியை உறையில் போட்டு எடுத்துவையுங்கள்.

வயதும் நிலையும் மாறினால் என் பதிலும் மாறும். சினையின் கடைசி மூன்று மாதங்களில் தாய்க்குச் செம்பு மிக முக்கியம்; பாலில் அது குறைவு என்பதால், குட்டி பிறக்கும்போதே கல்லீரலில் சேமித்துக்கொண்டு வர வேண்டும். லாமினைட்டிஸ் (குளம்பின் உட்பகுதி அழற்சி) வந்த குதிரைக்கு வெல்லப்பாகு கலந்த எந்தப் பொடியும் கூடாது. சத்தான அடர்தீவனத்தை ஏற்கெனவே பையில் எழுதியிருக்கும் முழு அளவில் தின்னும் குதிரைக்கு அநேகமாக எதுவுமே தேவையில்லை. அந்த அளவில் பாதியைப் போடுகிறவர்தான் மிச்சத்தைத் தேட வேண்டும்.

உங்கள் குதிரைக்கு இனி என்ன வரிசை என்றால், இந்த வாரம் பல்லையும் குடற்புழுவையும் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். கூர்முனைப் பல்லோடு மெல்ல முடியாத குதிரைக்கும், புழு நிறைந்த குடலுக்கும் எந்த டப்பாவும் எடுபடாது. தவிட்டை இறக்கி மசாலை ஏற்றுங்கள். உப்பு 30 கிராம். மேய்ச்சல் இல்லையென்றால் வைட்டமின் ஈ. இந்த நான்கும் ஒரு மாதம் நிலைத்தபின், இரும்பு சேர்க்காத, செம்பும் துத்தநாகமும் ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு என்ற விகிதத்தில் உள்ள ஒரே ஒரு தாதுக் கலவை. அதில் பயோட்டின் 15 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மட்டும் தனியாகப் பயோட்டின். இரண்டு புதுப் பொருட்களை ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். எது பலன் தந்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ரோமத்தில் மாற்றம் தெரிய அடுத்த முடி உதிர்ந்து முளைக்கும் பருவம்வரை பொறுக்க வேண்டும்.

நெஞ்சுச் சுற்றளவு, உடல் நீளம், புல்லின் வகையும் நாளுக்கான எடையும், நீங்கள் பார்த்துவைத்திருக்கும் டப்பாவின் பின்பக்கப் படம்: இந்த நான்கையும் எழுதுங்கள், உங்கள் குதிரைக்கான கணக்கை வரி வரியாகப் போட்டுத் தருகிறேன். அதுவரை அந்த இரும்பு டானிக்கைத் திறக்காமல் வைத்திருங்கள்.